சுவர் சுட்ட நாட்கள்

7

இடது இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் காய்ச்சின கம்பியை இறக்கினது போல வலித்தது வெர்னா காச்மாருக்கு. நாலு மணி நேரம் கார் ஓட்டினால் அப்படித்தான். பாட்டில் ஃபாக்டரியின் சிமென்ட் தரையில் எட்டு வருஷம் நின்று பெட்டி அடுக்கிய இடுப்பு அது. அப்புறம் இருபத்தாறு வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார வைத்தும் சமாதானம் ஆகவில்லை. கதவைத் திறந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வெளியே வைத்தாள்.

"கை குடுக்கவா பாஸ், இல்ல கிரேனுக்குச் சொல்லவா?" என்றான் பலும்போ, காரின் அந்தப் பக்கத்திலிருந்து.

"கிரேனுக்கே சொல்லு. உன் வயித்தையும் சேர்த்துத் தூக்கட்டும்."

பலும்போவுக்கு நாற்பத்து நாலு வயது. வரி ஆபீசில் பத்து வருஷம் கணக்குப் பார்த்தவன். அங்கே அவன் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. வெர்னாவும் சிரிப்பதில்லை, ஆனால் பதிலுக்குத் திட்டுவாள். அது போதும் என்று மூன்று வருஷமாக அவளிடமே உதவியாளனாக இருக்கிறான்.

பிளம்ஃபோர்டு, பென்சில்வேனியாவின் மேற்குக் கோடியில் செத்துக்கொண்டிருந்த ஊர். மார்ச் மாதத்துப் பனி தெருவோரத்தில் கரி பூசிக் கிடந்தது. எதிரே பழைய கண்ணாடித் தொழிற்சாலை. அதை ஆறு துண்டாக வெட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். மூன்றாவது துண்டில்தான் மெர்ட்டன் செராமிக்ஸ். மொத்தம் ஆறு பேர் வேலை பார்க்கிற கம்பெனி. உலோகமே இளகிப்போகும் சூட்டிலும் ஜெட் என்ஜினுக்குள் அசையாமல் நிற்கிற பீங்கான் வளையம் செய்வதாக அரசாங்கத்திடம் சொல்லி, சின்னக் கம்பெனிகளுக்கான ஆராய்ச்சி மானியத்தில் பதினொரு லட்சம் டாலர் வாங்கியிருந்தார்கள். கடைசித் தவணை மூன்றரை லட்சம் நாளைக் காலையில் வரவேண்டும். அதற்குள் ஒரு மொட்டைக் கடிதம் வந்துவிட்டது. டைப் அடித்த ஒரே வரி: 'மெர்ட்டன் கொடுத்த சோதனைக் கணக்கு பொய்.'

இந்த மாதிரிக் கடிதம் வருஷத்துக்கு நாற்பது வரும். நாற்பதிலும் ஒரே கதைதான். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிப் பணம் வாங்கியிருப்பார்கள். இதுவும் அதுதான் என்று, மானியக் கணக்கைச் சோதிக்கிற அவள் ஆபீஸ் முடிவு கட்டி வெர்னாவை அனுப்பியது. மாலை ஐந்து மணிக்குள் அவள் போனில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பணத்தை விடலாம், அல்லது நிறுத்து.

ஹாலிஸ் மெர்ட்டன் வாசலிலேயே காத்திருந்தார். நெட்டையான மனிதர், ஐம்பதை நெருங்குகிறவர், நகக்கண்ணில் எல்லாம் வெள்ளைத் தூள். கேட்பதற்கு முன்னாலேயே சோதனை நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நாப்பது சோதனை. ரெண்டு வருஷம். ஒரு வளையத்துலகூட விரிசல் விழல."

வெர்னா புரட்டினாள். திங்கள் காலை ஆறு மணிக்குச் சூளை பற்றவைத்தது, புதன் காலை ஆறு மணிக்கு அணைத்தது. எல்லாப் பக்கமும் அதே அச்சு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இது முழுமையான பதிவு' என்ற வரி, அதற்குக் கீழே மெர்ட்டன் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து பேசில் ரின்யா.

"பேசில் யாரு?"

"என் சூளைக்காரர். நாப்பத்தெட்டு மணி நேரமும் பக்கத்துலயே கட்டில் போட்டுப் படுத்துக் கிடப்பார். சூளை எரியற வாரம் அவருக்குச் சம்பளம். எரியாத வாரம் வீடு. ஆனா இன்சூரன்ஸ் எல்லா மாசமும் கட்டறேன்."

டைம் ஷீட் கட்டையும் பலும்போ புரட்டிவிட்டான். "நாப்பது வாரம் கூலி, மிச்ச வாரம் சைபர். நோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுது. என் கல்யாணம் இவ்வளவு ஒட்டுதலா இருந்திருந்தா நான் இன்னும் வீட்டுல இருந்திருப்பேன்."

"கேஸ் பில்?" என்றாள் வெர்னா.

"கட்டிடம் முழுக்க ஒரே மீட்டர். வாடகையோட சேர்த்து ஓனர் வாங்கிக்கிறார்," என்றார் மெர்ட்டன். அவர் இப்படிச் சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள். சில பேர் சொல்லும்போது கண்ணைத் திருப்புவார்கள். இவர் திருப்பவில்லை.

சூளை அறைக்குப் போனார்கள். ஒரு சின்ன லாரி அளவுக்கு இரும்புப் பெட்டி, பின்பக்கம் செங்கல் சுவரோடு ஒட்டி நின்றது. ஜில்லென்று கிடந்தது. அதன் பக்கத்தில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார் பேசில் ரின்யா. அறுபத்தோரு வயது. முழங்கை வரைக்கும் ரோமம் கருகிப்போயிருந்தது. வெர்னாவின் அப்பா கைகளும் இப்படித்தான் இருந்தன.

"நோட்டுல எழுதின நாப்பதும் நடந்ததா?" என்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"அதத்தான் கேக்கறேன்."

"எல்லாம் நோட்டுல இருக்கும்மா. நோட்டைப் பாருங்க."

"இந்த லெட்டர் யாரு போட்டிருப்பா?"

"தபால்காரனைத்தான் கேக்கணும்."

பலும்போ மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்கல் சுவர் பக்கமாகப் போனான். "பாஸ், ஒண்ணு எனக்குப் பசியில பிரமை பிடிச்சிருக்கு, இல்லைன்னா இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வால்நட் ரொட்டி சுடறாங்க."

"சர்ச் ஹால்," என்றார் பேசில். "புதன்கிழமை ரொட்டி போடுவாங்க, விக்கறதுக்கு." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கினார். "என் வீட்டுக்காரி அங்க இருப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவள விட்டுருங்க."

வெர்னா சுவரில் கையை வைத்தாள். ஒற்றைச் செங்கல். சூளை எரிந்தால் இந்தச் சுவர் என்ன பாடுபடும் என்று நினைத்தாள். அப்புறம் அந்தப் பக்கம் மாவு பிசைகிறவர்களை நினைத்தாள்.

"வா பலும்போ. உனக்குச் சாப்பாடு."

"இத்தனை வருஷத்துல நீங்க சொன்ன ஒரே நல்ல வார்த்தை பாஸ் இது."

சர்ச் ஹாலின் சமையலறையில் எட்டுப் பெண்கள் நீள மேஜையைச் சுற்றி நின்று மாவு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் அறுபதுக்குக் குறைந்த வயது இல்லை. துணி போட்டு மூடிய மாவுத் தட்டுகள் செங்கல் சுவரோரம் வரிசையாகத் தரையில் இருந்தன.

"என்னாச்சு இன்னைக்கு, எழுந்திருக்கவே மாட்டேங்குது," என்று ஒரு தட்டின் துணியைத் தூக்கிப் பார்த்தாள் டாலி என்ற கிழவி. "என் வீட்டுக்காரர் செத்த அன்னைக்குக்கூட இதைவிடச் சுறுசுறுப்பா இருந்தார்."

"சுவர் ஜில்லுனு கிடக்கு. மாவு என்ன பண்ணும்?" என்றாள் இன்னொருத்தி. குட்டையாக, கன்னம் சிவந்து, கையெல்லாம் மாவாக இருந்தாள். வந்தவர்களைப் பார்த்து, "ஒரு ரொட்டி பன்னெண்டு டாலர். பாப்பி விதை வெச்சது தீர்ந்துருச்சு," என்றாள்.

வெர்னா அடையாள அட்டையைக் காட்டினாள். மாவு தேய்த்த கைகள் நின்றன. குட்டைப் பெண் அட்டையை வாங்கித் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"காச்மாரா? எந்த ஊர் காச்மார்?"

"டோல் கிரீக். அப்பா அங்க கோக் சூளையில நிலக்கரி சுட்டுக்கிட்டு இருந்தார்."

"அப்ப நம்ம ஆளு." அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். மாவு ஒட்டியிருந்தது. "நான் தெக்லா ரின்யா. பேசில் வீட்டுக்காரி. எங்க வீட்டு மனுஷன் திருடிட்டார்னு வந்திருக்கீங்க, அதானே?"

"யாரும் திருடலைன்னு நிரூபிச்சா எனக்கும் சந்தோஷந்தான்."

"நிரூபிக்க முடியலைன்னா?"

"நாளைக்குப் பணம் வராது. கம்பெனி மூடும்."

தெக்லா கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குச் சக்கரை. தினம் நாலு ஊசி. அவர் வேலையில இருக்கற வரைக்கும் இன்சூரன்ஸ்ல வருது. வேலை போனா ஊசியும் போச்சு. இத நான் இரக்கத்துக்குச் சொல்லல. நீங்க என்னத்தக் கையில வெச்சிருக்கீங்கன்னு தெரியணும்."

"தெரியுது," என்றாள் வெர்னா.

பலும்போ சுவரோரம் குனிந்து மாவுத் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சுவர் சூடா இருந்தா எவ்வளவு நேரத்துல பொங்கும்?"

"நாப்பது நிமிஷம்," என்றாள் டாலி. "ஜில்லுனு இருந்தா ரெண்டு மணி நேரம். அதனாலதான் சூளை எரியாத வாரம் எங்கள எல்லாம் காலையில அஞ்சு மணிக்கே வரச் சொல்லுவா இந்த மகராணி. எரியற வாரம் ஏழு மணிக்கு வந்தாப் போதும்."

"முன்கூட்டியே எப்படித் தெரியும்?" என்றாள் வெர்னா.

"என் புருஷன் திங்கக்கிழமை வீட்டுக்கு வரலைன்னா சூளை எரியுதுன்னு அர்த்தம்," என்றாள் தெக்லா. "செவ்வாய் சாயங்காலம் இங்க வந்து சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். சுட்டா, காலண்டர்ல வட்டம் போட்டுட்டு எல்லாருக்கும் போன் பண்ணுவேன். இல்லைன்னா இதுங்க என்னைத் தின்னுரும்."

அடுப்புக்கு மேலே ஆணியில் காலண்டர் தொங்கியது. உள்ளூர் சவ அடக்கக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. புதன்கிழமைகளில் அங்கங்கே சிவப்புப் பென்சில் வட்டம்.

வெர்னாவும் பலும்போவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

"பழைய வருஷத்துக் காலண்டர் இருக்கா?"

"டிராயர்ல இருக்கும். ஈஸ்டருக்கு எத்தனை ரொட்டி போட்டோம்னு பார்க்க வெச்சிருக்கேன்." தெக்லா நின்றாள். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "ஏம்மா, சூளை நிஜமாவே எரிஞ்சதுன்னு இது சொல்லும் இல்ல? அவர் பொய்க் கையெழுத்துப் போடலைன்னு?"

"நாப்பது நாளும் வட்டம் இருந்தா சொல்லும்."

தெக்லா ஓடியே போனாள். மூன்று காலண்டர்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அதோடு காகிதத்தில் சுற்றிய ஒரு ரொட்டி.

"அன்பளிப்பு வாங்கக் கூடாதும்மா, சட்டம்," என்று பலும்போ பன்னிரண்டு டாலரை எண்ணி வைத்தான். "பசிக்கு மட்டும் எங்க சட்டத்துல இடமே இல்ல."

ஹாலின் கோடி மேஜையில் உட்கார்ந்தார்கள். வெர்னா நோட்டைப் படித்தாள். பலும்போ ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பென்சிலோடு காலண்டரில் வட்டத்தைத் தேடினான்.

"பிப்ரவரி பத்து, திங்கள்."

"பன்னெண்டாம் தேதி புதன், வட்டம்."

"மார்ச் மூணு."

"மார்ச் அஞ்சு, வட்டம். பக்கத்துலயே எழுதியிருக்கு, 'டாலி லேட்'."

பத்து வந்தது. இருபது வந்தது. சமையலறையிலிருந்து மாவுக் கட்டை உருளுகிற சத்தம் மட்டும். முப்பது ஆனபோது பலும்போ சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். நாற்பதாவது தேதிக்கும் வட்டம் இருந்தது.

"முடிஞ்சது பாஸ்," என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. "நாப்பதும் நடந்திருக்கு. எவனோ வயித்தெரிச்சல்ல எழுதின லெட்டர். போன் பண்ணுங்க. எட்டுக் கிழவிங்க சாட்சி சொல்லி ஒரு கம்பெனி பிழைச்சதுன்னு நம்ம ஆபீஸ்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

வெர்னா போனை எடுத்தாள். எண்ணை அழுத்தவில்லை. பாட்டில் ஃபாக்டரியில் அவள் வேலை எண்ணுவது. பெட்டிக்கு இருபத்து நாலு. குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். கூடினாலும் பிடிப்பார்கள். கூடினது எங்கிருந்தோ திருடி வந்தது என்பார்கள்.

"பலும்போ, வட்டத்த எண்ணு."

"எண்ணிட்டோமே. நாப்பது."

"நோட்டுல இருக்கறத எண்ணினோம். இப்ப வட்டத்த எண்ணு."

அவன் எண்ணினான். மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணினான். அப்புறம் மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்தான்.

"அம்பத்தேழு."

இரண்டு பேரும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நடக்காத சோதனையத் தேடி வந்தோம்," என்றாள் வெர்னா மெதுவாக. "ஒண்ணுகூட நடக்காம இல்ல. பதினேழு கூடுதலா நடந்திருக்கு."

"நோட்டுல ஏறாதது பதினேழு," என்றான் பலும்போ. "ஒரு வளையத்துலகூட விரிசல் விழலன்னார் அந்த நெட்டை."

"விரிஞ்ச வாரத்தையெல்லாம் நோட்டுல ஏத்தல."

சமையலறை வாசலில் தெக்லா நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் சொன்னது கேட்டிருக்காது, தூரம். அவள் கட்டைவிரலை உயர்த்தி, கேள்வியாகத் தலையை ஆட்டினாள். வெர்னா நோட்டை மூடிக்கொண்டு, காலண்டர்களையும் எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனாள்.

மெர்ட்டன் மறுக்கவே இல்லை. பதினேழு என்ற எண்ணைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைத் தூள் படிந்த கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"எல்லா லேப்லயும் இப்படித்தான் பண்ணுவாங்க. நல்லா வந்ததத்தான் காட்டுவாங்க. அம்பத்தேழுல பதினேழு விரிஞ்சதுன்னு எழுதினா எவன் ரெண்டாவது தவணை குடுப்பான்? என் வீட்ட அடமானம் வெச்சிருக்கேன்."

"குடுத்திருப்பாங்க," என்றாள் வெர்னா.

"என்ன?"

"குடுத்திருப்பாங்க மெர்ட்டன். இது ஆராய்ச்சிப் பணம். விரியறதுக்கும் சேர்த்துத்தான் தர்றாங்க. ஏன் விரிஞ்சதுன்னு நீங்க எழுதியிருந்தா, நானே அடுத்த தவணைக்குச் சிபாரிசு பண்ணியிருப்பேன். விரிஞ்சது குத்தமில்ல. மறைச்சீங்க பாருங்க, அதுதான் குத்தம். அந்த வளையத்த நாளைக்கு ஒரு என்ஜினுக்குள்ள மாட்டுவாங்க. அந்த என்ஜினை நம்பி ஒருத்தன் மேல பறப்பான்."

இரண்டு வருஷமாக மெர்ட்டன் பயந்தது தோல்விக்கு. தோற்றாலும் பணம் வந்திருக்கும் என்பது இப்போதுதான் அவர் தலைக்குள் போய்க்கொண்டிருந்தது. இதைப் பார்க்க வெர்னாவுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து சூளை அறைக்குப் போனாள்.

பேசில் அதே வாளி மேல் உட்கார்ந்திருந்தார்.

"விரிஞ்ச வளையமெல்லாம் எங்க?"

"பின்னால, பனிக்குக் கீழ. நான்தான் புதைச்சேன்."

"லெட்டரும் நீங்கதான்."

பேசில் கருகின முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு வரிக்கு மேல எழுத வரல," என்றார் பேசில். "பதினேழு விரிஞ்சதுன்னு எழுதினா அத யார் எழுதினதுன்னு தெரிஞ்சுடும். சூளைகிட்ட இருந்தது நான் ஒருத்தன்தானே. முழுமையான பதிவுன்னு சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போட்டிருக்கேன். நாப்பது தடவை. என் மருமகன் விமானப்படையில மெக்கானிக்கு. அந்த வளையம் விரிஞ்ச சத்தம் எனக்குத் தெரியும். ராத்திரி கட்டில்ல படுத்திருக்கும்போது உள்ளேருந்து டக்குனு கேக்கும். பல்லு உடையற மாதிரி. அதக் கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கறது? தபால்ல போட்ட மறுநாளே, ஏன் போட்டோம்னு இருந்துச்சு. அவளோட ஊசி ஞாபகம் வந்துருச்சு."

"காலண்டரைக் குடுத்தது உங்க வீட்டுக்காரி."

"தெரியும். உங்க பின்னாடியே வந்து ஹால் ஜன்னல் வழியாப் பார்த்தேன். ஓடி வந்தா, பாவம். என்னைக் காப்பாத்தறேன்னு நெனச்சுக்கிட்டு."

நாலே முக்காலுக்கு வெர்னா போன் செய்தாள். முதலில் சொன்னது ஒரே வார்த்தை: நிறுத்து. மறுமுனையில் காரணம் கேட்டார்கள், சொன்னாள். கம்பெனியின் கணக்கு இன்றிரவே முடங்கும். மெர்ட்டன் மேல் வழக்கு வரும். சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட பேசில் மேல் வருமா என்பது வக்கீல்கள் பாடு. அவர்தான் லெட்டர் போட்டார் என்று அறிக்கையில் எழுதுவதாகச் சொன்னாள். அது அவரைச் சிறையிலிருந்து காப்பாற்றலாம். வேலையைக் காப்பாற்றாது. மாதக் கடைசிக்கு மேல் இன்சூரன்சும் இல்லை.

வெளியே தெக்லா ஏப்ரன் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். பலும்போ அவளைப் பார்த்ததும் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

"ஒத்துப்போச்சாம்மா?"

"நாப்பதும் ஒத்துப்போச்சு," என்றாள் வெர்னா.

"அப்புறம் ஏன் உங்க மொகம் இப்படி இருக்கு?"

வெர்னா சொன்னாள். மறைக்கவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. தெக்லா கேட்டுக்கொண்டே இருந்தாள். காலண்டர்களைத் திருப்பிக் கேட்பதற்காகக் கையை நீட்டினாள். நீட்டின கை பாதியிலேயே நின்றது. அது இனி சாட்சியம் என்று அவளுக்கே புரிந்திருக்க வேண்டும்.

"அந்தப் பதினேழு வாரமும் அவர் வீட்டுக்கு வரல," என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியும். தனியாப் படுத்தேன். ஆனா கூலி வரல. ஏன்னு கேட்டேன். அடுத்த தவணை வந்ததும் மொத்தமா வரும்னார். மெர்ட்டன் வாக்குக் குடுத்திருக்கார்னார்."

டைம் ஷீட்டில் சைபர் போட்டிருந்த வாரங்கள் வெர்னாவின் கண் முன் வந்தன. நோட்டில் இல்லாத சோதனைக்குக் கூலி எழுத முடியாது. எழுதினால் பிடிபடும். அதனால் அந்த மனிதனைச் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள்.

"அத அரசாங்கம் குடுக்குமா?" என்றாள் தெக்லா.

"குடுக்காது. அப்படி ஒரு சோதனை நடந்ததாவே அரசாங்கத்துக்கு யாரும் சொல்லல."

"மெர்ட்டன்?"

"அவர் கணக்க இப்பத்தான் முடக்கச் சொன்னேன்."

தெக்லா தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. மாவு பொங்கியிருக்கும், போய்ப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

காரில் ஏறி, அறிக்கையை முழங்கால் மேல் வைத்து வெர்னா எழுத ஆரம்பித்தாள். படிவத்தில் கட்டங்கள் இருந்தன: குற்றம் செய்தவர், ஏமாற்றி வாங்கிய தொகை, அரசாங்கத்துக்கு ஏற்பட்ட நஷ்டம். சூளைக்காரருக்கு என்று கட்டம் இல்லை. பக்கத்தின் அடியில் காலியாக இருந்த இடத்தில் எழுதினாள்:

ஹாலிஸ் மெர்ட்டன், பேசில் ரின்யாவுக்குத் தரவேண்டிய கூலி பாக்கி. பதினேழு சூளை, சூளைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், மணிக்கு இருபத்தொரு டாலர். மொத்தம் பதினேழாயிரத்து நூற்று முப்பத்தாறு டாலர். இன்று வரை கொடுக்கப்படவில்லை.